ஏழாவது கல்லறை

பெர்செபோலிஸுக்கு வருகிறவர்கள் பெரிய மேடையின் தூண்களையும் படிக்கட்டுச் சிற்பங்களையும் பார்ப்பார்கள். காலில் வலு மிச்சமிருந்தால் பின்னாலுள்ள ரஹ்மத் மலைச் சரிவில் ஏறி, பாறையில் குடைந்த இரண்டு அரச கல்லறைகளின் முகப்பையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். மேடைக்குத் தெற்கே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தள்ளி மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அங்கே பெரும்பாலும் யாரும் போவதில்லை. அகாமனிசியர் என்ற பாரசீக அரச மரபின் கல்லறைகளுக்கு எண் கொடுத்த ஆய்வாளர் எரிக் ஷ்மிட் அதற்கு ஏழு என்று போட்டார். பெயர் சொல்லும் கல்வெட்டு எதுவும் அதில் கிடையாது. வாசல் இல்லை, பிணம் வைக்கும் அறையும் இல்லை. மேல்பக்கத்தில் மட்டும் சிற்பம் பாதி திரண்டு நிற்கிறது. கண்ணைக் கீழே இறக்க இறக்க உரு கரைந்து உளித் தழும்பாகிறது. அதற்கும் கீழே வெறும் பாறை.

பாறையில் குடைகிறவர்கள் மேலிருந்துதான் தொடங்குவார்கள். சாரம் கட்டும் செலவு மிச்சம். உதிர்கிற சில்லு முடித்த வேலையின் மேல் விழாது. வெட்டி முடித்த தளத்திலேயே நின்றுகொண்டு அடுத்த அடுக்குக்கு இறங்கலாம். வேலை நின்றுபோனால் மேலே கலையும் கீழே மலையுமாக நிற்பதற்கு இதுவே காரணம். இந்தத் தொழில்முறையை மனதில் வைத்துக்கொண்டு பாரசீக அரச கல்லறைகளின் முகப்பைப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கிறது. முகப்பில் எது மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் பிறக்கிறது.

மேலே இருப்பவர் மன்னர். கையில் வில்லுடன் மூன்று படி வைத்த பீடத்தின் மேல் நிற்கிறார். எதிரே நெருப்பு மேடை, தலைக்கு மேல் சிறகு விரித்த உரு, ஒரு மூலையில் நிலா. இவ்வளவும் நிற்கிற பெரிய ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசைகளில் பதினான்கு பதினான்கு பேர், ஆசனத்தின் கால்களுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒருவர், ஆக முப்பது பேர். முப்பதும் முப்பது நாட்டார். மேதியர், ஏலாமியர், பாக்திரியர், எகிப்தியர், ஐயோனியர் என்று உடையாலும் தலைப்பாகையாலும் அடையாளம் தெரிகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். சிந்து நதிக்கரையிலிருந்து போன ஒருவரும் அந்த வரிசையில் உண்டு. அதற்குக் கீழே அரண்மனை முகப்பு: காளைத் தலை போதிகையோடு நான்கு தூண்கள், நடுவில் வாசல். அதற்கும் கீழே வழவழவென்று வெட்டி விட்ட வெற்றுப் பாறை. மொத்தத்தில் ஒரு சிலுவை வடிவம், உயரம் இருபது மீட்டருக்கு மேல்.

முதலில் மன்னர், பிறகு அவரைச் சுமக்கும் நாடுகள், பிறகு வீடு, கடைசியாகச் சாவதற்கான அறை. கல்தச்சரின் வசதிக்காக வந்த வரிசைதான் இது. ஆனாலும் அரசியல் தத்துவம் எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைத்திருக்க முடியாது.

இந்த வடிவத்தை நிலைநாட்டியவர் முதலாம் டேரியஸ். பெர்செபோலிஸிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நக்‌ஷ்-இ ருஸ்தம் என்ற செங்குத்துப் பாறையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் நீண்ட கல்வெட்டு உண்டு. டேரியஸ் எத்தனை நாடுகளை ஆண்டார் என்ற கேள்வி எழுந்தால் ஆசனம் தாங்குவோரின் சிற்பங்களைப் பார்த்துக்கொள் என்று அந்தக் கல்வெட்டே வழி சொல்கிறது. உள்ளே மூன்று மாடங்கள், மாடத்துக்கு மூன்று குழிகளாக ஒன்பது பேருக்கு இடம். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே பாறையில் மூன்று முறை, பெர்செபோலிஸ் மலையில் இரண்டு முறை இதே முகப்பைக் கிட்டத்தட்ட மாற்றமில்லாமல் திரும்ப வெட்டினார்கள். மன்னர் யாரென்று சொல்லும் எழுத்து டேரியஸ் கல்லறையில் மட்டுமே இருக்கிறது. மற்றவற்றில் முகம் ஒன்றே, நிற்கும் விதம் ஒன்றே, தாங்குவோரும் அதே முப்பது பேர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் ஓர் அரச மரபு தனக்கென்று புதிதாக ஒரு கோடும் சேர்க்காமல் ஒரே படத்தைப் பிரதி எடுத்திருக்கிறது. சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆட்கள் மாறினாலும் அரசன் மாறவில்லை என்பதே அங்கே சொல்ல வந்த செய்தி.

அப்படியானால் எந்தக் கல்லறை யாருடையது? ஆய்வாளர்கள் ஆட்சி வரிசையை வைத்துக்கொண்டு பங்கிட்டார்கள். செர்க்சஸ், முதலாம் ஆர்டாக்செர்க்ஸஸ், இரண்டாம் டேரியஸ் ஆகிய மூவரும் நக்‌ஷ்-இ ருஸ்தமில். இரண்டாம், மூன்றாம் ஆர்டாக்செர்க்ஸஸ் பெர்செபோலிஸ் மலையில். ஆறு கல்லறை, ஆறு பேர். மிச்சமிருப்பது முடியாத ஒன்று. அது கடைசி மன்னர் மூன்றாம் டேரியஸுக்கு. கணக்கு அழகாக வருகிறது. அழகாக வருவதாலேயே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

கி.மு. 338-ல் மூன்றாம் ஆர்டாக்செர்க்ஸஸ் இறந்தார். அவருடைய மகன் அர்சஸ் இரண்டே ஆண்டுகள் ஆண்டார். அரண்மனையில் சர்வ வல்லமையோடு இருந்த பகோவாஸ் என்ற அரவாணி அதிகாரி அப்பா, மகன் இருவருக்கும் விஷம் வைத்துத் தீர்த்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். மூன்றாவதாகத் தாம் அரியணை ஏற்றிய டேரியஸுக்கும் கிண்ணத்தை நீட்டியபோது, டேரியஸ் அதை அவரையே குடிக்க வைத்தாராம். கிரேக்கர்களுக்குப் பாரசீக அரண்மனை என்றாலே விஷமும் அந்தப்புரமும்தான். தகப்பனின் சாவைக் குறித்த பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்றில் கொலைக்கான சாயலே இல்லை. அது எப்படியோ போகட்டும். நமக்கு வேண்டியது கணக்கு. அரியணை ஏறிய கையோடு கல்லறை வேலையும் தொடங்கிவிடும் என்பது உண்மையானால், இரண்டு ஆண்டு ஆண்ட அர்சஸுக்கும் பாதியில் நின்ற ஒரு கல்லறை இருந்தாக வேண்டும். அற்பாயுளில் முடிந்த ஆட்சிகள் இரண்டு. முடியாத கல்லறையோ ஒன்றுதான். அர்சஸுக்குத் தொடங்கியதை டேரியஸ் தனதாக்கிக்கொண்டாரா? அர்சஸோடு நின்றுபோய், டேரியஸுக்குத் தொடங்கவே இல்லையா? இது அர்சஸுடையதாக இருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

நாம் ஏன் டேரியஸையே விரும்புகிறோம் என்பது விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. அவர் கதை பெரிய கதை. கி.மு. 336-ல் முடிசூடி, 333-ல் இசஸில் தோற்று, தாயையும் மனைவி மக்களையும் அலெக்சாண்டரிடம் பறிகொடுத்து, 331 அக்டோபர் முதல் தேதி கௌகமேலாவில் மறுபடி தோற்று, 330 கோடையில் கிழக்கே ஓடுகிற வழியில் சொந்த ஆளுநர் பெசஸ் கையாலேயே செத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு முடியாத கல்லறை எவ்வளவு பாந்தமாகப் பொருந்துகிறது! பாறை தானாகச் சொல்லாத ஒன்றை நம் ரசனை அதற்குச் சூட்டிவிடுகிறது. உள்ளூர்ப் பாறையில் விரிசல் கண்டு வேலையை நிறுத்தினார்கள் என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க நாம் தயாராக இல்லை.

இருந்தாலும் டேரியஸுடையது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது இந்த ஆறு ஆண்டுகளை அரண்மனைப் பக்கமிருந்து பார்ப்பதை விட்டு, பாறைப் பக்கமிருந்து பார்க்கலாம். போர் நடந்த ஊர்கள் எல்லாம் வெகு தொலைவில். கி.மு. 334-ல் சார்டிஸ் போயிற்று. ஐயோனிய நகரங்கள் போயின. 332-ல் டயர் போயிற்று, எகிப்து போயிற்று. 331 இறுதிக்குள் பாபிலோனும் சூசாவும். ஒவ்வொரு சேதியும் வந்து சேர வாரங்கள் ஆகியிருக்கும். இதற்கிடையில் ரஹ்மத் மலையில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும், நிறுத்தச் சொல்லி யார் ஆள் அனுப்பப் போகிறார்கள்? மன்னரின் உருவத்தை முடித்து ஆசனத்தைத் தாங்கும் நாட்டாருக்கு இறங்குகிற நேரத்தில், வரைபடப்படி செதுக்க வேண்டிய லிடியர் இனி அவருக்குக் குடிகள் இல்லை. எகிப்தியரும் இல்லை. மேஸ்திரி வரைபடத்தை மாற்றியிருக்க மாட்டார். முந்தைய கல்லறைகள் வெட்டப்பட்ட நாளிலேயே எகிப்து பல பத்தாண்டுகள் கைவிட்டுப் போயிருந்தது. அப்போதும் எகிப்தியர் தம் இடத்தில் நின்று ஆசனத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். கல்லில் ஒருமுறை குடியானவர் விடுதலை பெறுவது கடினம்.

சரி, அந்த உளியைப் பிடித்த கை யாருடையது?

பெர்செபோலிஸ் விஷயத்தில் இதற்குப் பதில் சொல்லச் சான்று இருப்பது நம் அதிர்ஷ்டம். 1933-ல் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டின் குழு கோட்டைச் சுவரோரம் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளைக் கண்டெடுத்தது. கி.மு. 509 முதல் 493 வரையிலான கணக்குகள் அவை. சில ஆண்டுகள் கழித்து ஷ்மிட் கருவூலத்தில் இன்னொரு தொகுதியை எடுத்தார். அவை 492 முதல் 457 வரை. இரண்டிலும் போர்களும் வெற்றிகளும் இல்லை, கூலிப் பட்டுவாடாதான். யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு மது, எத்தனை பேர் கொண்ட எந்தக் குழு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்குத் தனிப்படி உண்டு, ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. கருவூல ஏடுகளில் கூலியின் ஒரு பங்கு வெள்ளியாகக் கணக்கிடப்படுகிறது: ஓர் ஆட்டுக்கு மூன்று ஷெக்கல், ஒரு குடுவை மதுவுக்கு ஒரு ஷெக்கல். வாங்குவோர் பட்டியலில் கல்வேலைக்காரர், சிற்ப வேலைக்காரர், தச்சர், பொற்கொல்லர். எகிப்தியர், காரியர், சிரியாப் பக்கத்தவர், ஐயோனியர். சூசா அரண்மனையைக் கட்டிய கதையைச் சொல்லும் டேரியஸின் கல்வெட்டும் கல்தச்சர் ஐயோனியரும் சார்டிஸ்காரரும் என்றே குறிக்கிறது. முகப்பில் ஆசனத்தைத் தாங்கும் ஐயோனியரைச் செதுக்கியவர் ஓர் ஐயோனியராகவே இருந்திருக்கலாம். தன் உடுப்பைத் தானே கல்லில் பார்த்துக்கொண்டு வேலை செய்வது எப்படியிருக்கும்!

இந்த ஏடுகள் நம் கல்லறைக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தவை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் டேரியஸ் காலத்துக் கூலிக்கணக்கு நம் கையில் இல்லை. ஆனால் வேலைமுறை அப்படியே தலைகீழாக மாறியிருக்கும் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை.

ஏட்டில் கூலியாக இருப்பவரைக் கல்லில் ஆளாகப் பார்க்க வேண்டுமானால் முடியாத இடத்துக்குத்தான் போக வேண்டும். முடித்த சிற்பத்தில் அவர் இல்லை. பாரசீகச் சிற்பத்தின் இறுதிக் கட்டம் தேய்ப்பு. கண்ணாடி போலத் தேய்த்து எடுத்தபின் கூருளி போன தடம், பல்லுளி இழுத்த இணைகோடு எல்லாம் மறைந்துவிடும். கார்ல் நைலாண்டர் என்ற ஸ்வீடிஷ் அறிஞர் பசர்கடே கட்டடங்களைப் பார்த்தபோது, இந்தப் பல்லுளித் தடம் சைரஸ் காலத்துக் கல்லில் இல்லை, பிற்காலத்துக் கல்லில்தான் வருகிறது என்று கண்டு, அதையே காலக்கணிப்புக்குச் சான்றாக்கினார். தேய்த்து மறைக்காமல் விட்ட இடங்கள் இல்லாவிட்டால் அந்தச் சான்று ஏது? மேடையின் மேலேயே நூறு தூண் மண்டபத்துக்கு வடக்கே ஒரு முடியாத வாயில் இருக்கிறது. கரடுமுரடான தூண் கட்டைகளும் பாதி உருவான போதிகைகளும் கிடக்கிற அந்த இடம், பெர்செபோலிஸில் தூண் எப்படிச் செய்தார்கள் என்பதற்குப் பாடப்புத்தகம். மைக்கேல் ரோஃப் சிற்பங்களில் தென்படும் கல்தச்சர் குறிகளை வைத்து, எந்தக் குழு எந்தப் பகுதியைச் செதுக்கியது என்று பிரித்துப் பார்த்து 1983-ல் ஒரு நூலே எழுதினார். பெர்செபோலிஸ் அருகே கல் வெட்டியெடுத்த குழி ஒன்றின் பாறைச் சுவரில் கிரேக்க எழுத்தில் ஒரு கீறல் இருக்கிறது. இது பைதார்க்கஸுக்கு உரியது என்று அதற்கு அர்த்தம். மேஸ்திரியோ குத்தகைக்காரரோ, தன் பங்கு எதுவரை என்று எல்லை போட்டுவைத்திருக்கிறார். மன்னரின் பெயர் இல்லாத கல்லறைகள் ஐந்தாறு இருக்கிற ஊரில் கல் உடைத்தவரின் பெயர் நிற்கிறது.

கிரேக்க எழுத்தாளர்கள் வழியாக இந்தத் தொழிலாளிகளின் இன்னொரு முகமும் வருகிறது. அது அவ்வளவு இதமானது அல்ல. க்டீசியஸ் இரண்டாம் ஆர்டாக்செர்க்ஸஸின் அரண்மனையில் வைத்தியராக இருந்தவர். அவர் சொல்லும் கதைப்படி, முதலாம் டேரியஸின் பெற்றோர் மகனுடைய கல்லறையைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். இழுத்துக்கொண்டிருந்த பூசாரிகள் திடீரென்று பாம்புகளைக் கண்டு மிரண்டு கயிற்றை விட்டுவிட, இருவரும் விழுந்து இறந்தார்கள். இழுத்த நாற்பது பேருக்கும் தலை போயிற்று. க்டீசியஸ் கதை கட்டுவதில் மன்னர் என்பது தெரிந்ததே. ஆனால் கயிறு பொய்யல்ல. பெர்செபோலிஸ் கல்லறைகளுக்கு வாயில் வழி கிடையாது, பிணப்பெட்டியை எந்திரம் கொண்டு மேலே ஏற்றினார்கள் என்று டயோடோரஸும் சொல்கிறார். கி.மு. 330-ன் தொடக்கத்தில் அலெக்சாண்டர் பெர்செபோலிஸை நெருங்கும்போது வழியில் எண்ணூறு கிரேக்கக் கைதிகள் எதிர்ப்பட்டதாகவும் அதே டயோடோரஸ் எழுதுகிறார். பெரும்பாலும் வயதானவர்கள். கையோ காலோ காதோ மூக்கோ வெட்டப்பட்டவர்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தத் தொழிலுக்கு எந்த உறுப்பு வேண்டுமோ அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்களாம். அலெக்சாண்டர் கண்ணீர் விட்டு ஆளுக்கு மூவாயிரம் திராக்மா கொடுத்தார். அடுத்து நடக்கப் போகிற கொள்ளைக்கும் தீவைப்புக்கும் நியாயம் கற்பிக்க இதைவிடத் தோதான காட்சி கிடைக்காது. அதனாலேயே வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் வேலைக்கு வேண்டிய கையை மட்டும் விட்டுவைப்பது என்ற கற்பனை எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். பெர்செபோலிஸ் பிறர் நாட்டுக் கைகளால் கட்டப்பட்டது என்பது கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடியாத பாறை வேலையை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்விக்கு ஈரானிய மக்கள் தங்கள் போக்கில் வேறொரு பதிலை வைத்திருக்கிறார்கள். மேற்கே கெர்மான்ஷா அருகில் பிசுதூன் மலை. அதில்தான் முதலாம் டேரியஸின் புகழ்பெற்ற மும்மொழிக் கல்வெட்டும் சிற்பமும் இருக்கின்றன. முற்றும் முடித்த வேலை அது, எழுத்தும் உண்டு, பெயரும் உண்டு. எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போனதும் என்னவாயிற்று? அது செமிராமிஸ் என்றது கிரேக்க மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஒரு பயணி ஏசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்றார். இன்னொருவர் இஸ்ரவேலின் கோத்திரங்கள் என்றார். அதே மலையில் கொஞ்சம் தள்ளி, சுமார் 200 மீட்டர் அகலத்துக்கும் 30 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கும் பாறையைச் சீவி மட்டமாக்கி, ஒன்றும் செதுக்காமல் விட்ட ஒரு பிரம்மாண்டமான சுவர் இருக்கிறது. சாசானிய மன்னர் இரண்டாம் குஸ்ரோ தொடங்கி, கி.பி. 628-ல் அவர் கொல்லப்பட்டபோது நின்றுபோன வேலை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மக்கள் அதை ஃபர்ஹாத் வெட்டியது என்கிறார்கள். நிஜாமியின் காவியத்தில் ஷிரினைக் காதலித்த கல்தச்சர் ஃபர்ஹாத். மலையைப் பிளந்து வழி போட்டால் அவள் உனக்கு என்று குஸ்ரோ வாக்குக் கொடுக்கிறார். வேலை முடிந்துவிடும் போலத் தெரிந்ததும், ஷிரின் இறந்துவிட்டாள் என்று பொய்ச் சேதி அனுப்புகிறார். ஃபர்ஹாத் உயிரை விடுகிறார்.

ஒரே மலையில் முடித்த வேலை மன்னரின் பெயரைத் தொலைத்தது, முடியாத வேலை கல்தச்சரின் பெயரைப் பெற்றது. ஏழாவது கல்லறைக்கு அர்சஸா டேரியஸா என்று அறிஞர்கள் வாதாடும்போது எனக்கு இந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. இரண்டு கட்சியும் மன்னர் கட்சியே.

வேலை நின்ற நாளுக்கு வருவோம். தீயை எல்லோரும் சொல்கிறார்கள்: 330-ன் வசந்தத்தில் விருந்து, குடி, தீப்பந்தம். ஆனால் தெற்கே அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பாறையைத் தீ என்ன செய்யும்? வேலையை நிறுத்தியது அதற்கு முன்பே நடந்த கருவூலக் காலியாக்கம் என்பதே என் எண்ணம். பெர்செபோலிஸில் ஒரு லட்சத்து இருபதாயிரம் தாலந்து இருந்ததாக டயோடோரஸ் கணக்குச் சொல்கிறார். அதைச் சுமக்கப் பத்தாயிரம் ஜோடிக் கோவேறு கழுதைகளும் ஐயாயிரம் ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் புளூடார்க். எண்கள் கூடுதலாகவே இருக்கட்டும். ஆட்டுக்கு மூன்று ஷெக்கல், மதுவுக்கு ஒன்று என்று அளந்து கொடுத்த அதே கருவூலம் கழுதை மேல் ஏறிப் போய்விட்டது. மன்னர் அப்போது உயிரோடுதான் இருந்தார். கல்லறைக்கு உரியவர் சாவதற்கு முன்பே, அதை வெட்டுகிறவருக்குக் கூலி நின்றது.

டேரியஸ் இறந்தபின் உடலைப் பாரசீகத்துக்கு அனுப்பி, முன்னோர் மாதிரியே அரச கல்லறையில் வைக்கும்படி அலெக்சாண்டர் உத்தரவிட்டார் என்று அரியன் எழுதுகிறார். அறையே இல்லாத ஏழாவதில் வைத்திருக்க முடியாது. முன்னோர் யாருடைய குழியிலோ பக்கத்தில் இடம் கொடுத்திருப்பார்கள். முதலாம் டேரியஸின் கல்லறையிலேயே ஒன்பது பேருக்கு இடமிருந்தது அல்லவா?

பெர்செபோலிஸ் அதோடு ஆளற்றுப் போய்விடவில்லை. அலெக்சாண்டர் அங்கே ஆளுநராக வைத்த பியூசெஸ்டஸ் என்ற மாசிடோனியர் பாரசீக உடை உடுத்தி, பாரசீக மொழியும் கற்றுக்கொண்டவர். மக்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. கி.மு. 317 வாக்கில் அவர் தம் சேனைக்கு அதே ஊரில் பெரிய பந்தி வைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டமாக உட்கார வைத்தார்கள். நட்டநடுவில் தெய்வங்களுக்கும் அலெக்சாண்டருக்கும் அவர் தகப்பன் பிலிப்புக்கும் பலிபீடங்கள். உள்வட்டத்தில் தளபதிகளோடு சரியாசனமாகப் பாரசீகப் பெருமக்கள். இலைதழைகளைப் பரப்பி, மேலே விரிப்புப் போட்டு இருக்கை செய்தார்கள் என்று டயோடோரஸ் விவரமாகவே எழுதியிருக்கிறார். ஆடு மாடு ஓட்டியவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், தழை வெட்டிக் கொண்டுவந்தவர்களுக்கும் அன்று நல்ல வேலை கிடைத்திருக்கும். கல்தச்சருக்கு மட்டும் கொடுக்க அந்த விருந்தில் வேலை எதுவும் இல்லை.